கால், கால், அரை



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பேராசிரியரிடம் நான் படித்ததில்லை. அவரிடம் படித்தவர்களிடம் படித்தேன். அவரைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளில் ஒன்று மட்டும் இன்றைய பேச்சுக்கு வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்களாம். ஐயா பாடம் சொல்ல மாட்டாராம். போன வாரம் வகுப்பில் நடந்ததை ஒரு மாணவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குறுக்குக் கேள்விகள் பறக்கும். சொல்பவர் தடுமாறினால் உள்ளேயிருந்து காப்பி வரத் தாமதமாகும். காப்பிக்காகவே நன்னூலைப் படித்தோம் என்று என் ஆசிரியர் சிரிப்பார்.

அந்த நன்னூலிலேயே இந்தத் திண்ணைக்கு இலக்கணம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் பாயிரத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை ஒருவன் எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் அவனுக்கு வாய்ப்பது கால் பங்கு புலமைதான். உடன் படிப்பவரோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போது வருகிறது. கல்வியைப் பற்றிய மேடைகளில் இந்தச் சூத்திரம் அடிக்கடி வரும், கைதட்டலும் வரும். மறுநாள் காலை எல்லாரும் அந்த முதல் கால் பங்கை நடத்தக் கிளம்பிவிடுவோம். நானும்தான். இந்தப் பின்னங்களை அளந்து பார்த்து யாரும் எழுதிவிடவில்லை. எண்களை நான் அப்படியே நம்பவுமில்லை. எடுத்துரைப்பதற்குக் கேட்பதைவிடப் பெரிய பங்கு கொடுத்திருக்கிறாரே, அதை நம்புகிறேன்.

தொழில்நுட்பம் கைக்கு வந்ததும் நாம் என்ன செய்தோம்? முதல் கால் பங்கையே இன்னும் பெரிதாக்கினோம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். காணொளிகளைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. சிற்றூர்ப் பொறியியல் கல்லூரிகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவைதான் உண்மையான வாத்தியார். 2017-இல் ஸ்வயம் என்ற இணையப் பாடத்தளம் வந்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியதும் கூகுள் மீட் வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி சிக்னல் பிடித்துப் பாடம் கேட்ட மாணவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனால் இவையெல்லாம் ஒருவர் பேச மற்றவர் கேட்கும் ஏற்பாடுகளாகவே பெரும்பாலும் நின்றுவிட்டன. மைக்கின் கம்பி நீண்டது, அவ்வளவுதான்.

நான் பேச வந்தது வேறு வகைக் கருவிகளைப் பற்றி. பலர் ஒரே சமயத்தில் கைவைக்கக்கூடிய ஆவணம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தக்கூடிய விக்கிப் பக்கம், கேள்வியும் பதிலும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கும் பொதுப்பலகை. இவை புதியவை அல்ல. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒன்றரை மணி நேரம் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். கணினி மவுஸைப் பொதுமேடையில் உலகம் பார்த்தது அன்றுதான். மவுஸை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அதே மேடையில், பல மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரோடு ஒரே திரையில் ஒரே எழுத்தைப் பார்த்தபடி வேலை செய்தும் காட்டினார். அது சாதாரண மாணவரின் கைக்கு வந்துசேர ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆயிற்று.

இரண்டாவது காலுக்கு வருகிறேன். எரிக் மசூர் ஹார்வர்டில் இயற்பியல் நடத்துபவர். மாணவர்கள் அவரைப் பாராட்டினார்கள், தேர்வில் கடினமான கணக்குகளைப் போட்டார்கள். அவரும் தான் நல்ல ஆசிரியர் என்றே நினைத்திருந்தார். 1990 வாக்கில், நியூட்டனின் விதிகளை அன்றாட மொழியில் சோதிக்கும் எளிய வினாத்தாள் ஒன்றை வகுப்பில் கொடுத்தார். கனத்த லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்கிற மாதிரிக் கேள்விகள். ஒரு மாணவர், நீங்கள் நடத்தியபடி எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம். இதைவிட நேர்மையான கேள்வி எந்த வகுப்பறையிலும் எழுந்திருக்காது. விடைகள் மோசமாக வந்தன. மசூர் ஒரு கேள்வியை எடுத்து ஒருவிதமாக விளக்கினார், இன்னொரு விதமாக விளக்கினார், முகங்கள் தெளியவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று கைவிட்டார். வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று. சில நிமிடத்தில் தெளிந்தும் விட்டது.

இதை அவர் ஒரு முறையாகவே ஆக்கினார். கேள்வி, ஒவ்வொருவரும் தனியே யோசித்து ஒரு விடைக்கு வாக்கு, சரியாகச் சொன்னவர்கள் மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு வாதம், மறுபடி வாக்கு. ஏன் பலிக்கிறது என்பதற்கு அவர் சொல்லும் காரணம் நம் திண்ணைக்கும் பொருந்தும். பேராசிரியருக்கு அந்தப் பாடம் புரிந்து பல ஆண்டுகளாகிவிட்டன, எந்த இடத்தில் கால் இடறியது என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. நேற்றுப் புரிந்துகொண்ட மாணவருக்கோ இடறிய இடம் இன்னும் வலிக்கிறது. முதலில் கை உயர்த்தியும் அட்டை காட்டியும்தான் வாக்கெடுத்தார்கள். விசைக்கருவிகள் பிறகு வந்தன, இன்று கைப்பேசி போதும். மற்றவர் கை உயர்வதைப் பார்த்துத் தன் கையை உயர்த்தும் பழக்கம் நமக்கு நிறைய உண்டு. கைப்பேசி வாக்கு அதைத் தடுக்கிறது. அந்தக் கருவியிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவே.

இன்னொருவர் யூரி டிரைஸ்மன். 1970களின் இறுதியில் பெர்க்லியில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் அதிகமாகத் தோற்பது ஏன் என்று ஆராய்ந்தவர். ஆசிரியர்களைக் கேட்டால் வறுமை, ஊக்கக் குறைவு, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை என்று வரிசையாகச் சொன்னார்கள். நம் ஆசிரியர் அறைகளிலும் இந்த நாலு காரணம் மாறாமல் ஒலிக்கும். அவர் அதோடு நிற்காமல் மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் நன்றாக உழைத்தார்கள். ஆனால் தனியே உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியே போட்டு முடித்த கணக்கை மாலையில் கூடிச் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியே இருந்தவரோ அதே கணக்கு வராதபோது, எனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டினார். டிரைஸ்மன் அமைத்த பட்டறைகளில் கூடிப் போட எளிய கணக்கைக் கொடுக்கவில்லை, கடினமான கணக்கைக் கொடுத்தார். தேர்ச்சி உயர்ந்தது. அதில் கணினி ஏதும் இல்லை. ஒரு மேசையும் சில நாற்காலிகளும்தான்.

அப்படியானால் தொழில்நுட்பம் எதற்கு? எங்கள் கல்லூரி செங்கல்பட்டுப் பக்கம். விடுதியில் தங்கும் பையன்களுக்கு இரவு பதினொரு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் எதிர்க் கட்டிலில் ஆள் இருக்கிறது. மாலை நாலு பத்துக்கு ஊர்ப் பஸ்ஸைப் பிடித்தே ஆகவேண்டிய பெண்ணுக்கு இல்லை. அவர் வீட்டுக்குப் போய் மாடு பார்த்து, சோறு வடித்து, எட்டரைக்குப் புத்தகத்தைத் திறக்கிறார். டிரைஸ்மன் கண்ட அந்தத் தனிமைதான் அது. திண்ணைக்கு வர முடியாதவருக்குத் திண்ணையைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மட்டுமே இந்தக் கருவிகளை நான் புரிந்துகொண்டிருக்கிறேன். திறன் வகுப்பறை, திறன்பலகை என்று நிதி ஒதுக்கிக் கட்டுவதெல்லாம், ஏற்கெனவே அறைக்குள் இருப்பவருக்கு.

ஆனால் ஆட்களைக் கூட்டிவிட்டால் கூட்டு வந்துவிடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதை இது. முதுகலை வகுப்பில் 24 பேர். ஆறாறு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கூகுள் ஆவணத்தைத் திறந்துகொடுத்து, கட்டுரை எழுதச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து நான்கு கட்டுரைகள் அழகாக வந்தன. ஆவணத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். யார், எந்த நேரத்தில், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று அது காட்டும் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு குழுவில் ஒரே பெண் நான்கு இரவுகளில் முழுக் கட்டுரையையும் எழுதியிருந்தார். ஒரு மாணவர் செய்திருந்த ஒரே திருத்தம், தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் சேர்த்தது.

மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதைக் கயிறு கட்டியே அளந்திருக்கிறார். ஆட்களைத் தனியாகவும் சேர்த்தும் இழுக்க வைத்து, எவ்வளவு விசை வருகிறது என்று பார்த்தார். 1913-இல் வெளியான அவருடைய கட்டுரையின் கணக்குப்படி எட்டுப் பேர் சேரும்போது ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைப்பது, அவர் தனியே தரக்கூடியதில் ஏறத்தாழப் பாதி. காரணம் இரண்டு. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. நாம் சற்றுத் தளர்த்தினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றிவிடுகிறது. தேர் இழுக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு ரிங்கல்மன் தேவையில்லை. வடம் பிடிக்க ஊரே திரண்டிருக்கலாம். ஒரே மூச்சில் இழுக்கத் தாளம் வேண்டும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர் வேறு வேண்டும். உயிரைப் பணயம் வைத்துக் குனிந்திருக்கும் அந்த நாலு பேர் இல்லாவிட்டால் தேர் முதல் முனையிலேயே கடைக்குள் புகுந்துவிடும். வகுப்பில் அந்தக் கட்டையைப் போடுவது யார் என்று நான் யோசித்திருக்கவில்லை. கயிற்றைக் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

பிழை பணியிலேயே இருந்தது. ஆளுக்கு இரண்டு பக்கம் என்று பிரித்துக்கொள்ளக்கூடிய எந்தப் பணியும் கூட்டுப் பணி ஆகாது, அது பாகப்பிரிவினை. அடுத்த பருவத்தில் பிரிக்க முடியாத ஒன்றைக் கொடுத்தேன். ஒரு சங்கப் பாடல், அதன் இரண்டு பதிப்புகள், இரண்டிலும் வேறுபடும் பாடங்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியே படித்து ஓரக்குறிப்பு எழுத வேண்டும், மற்றவர் குறிப்பு அதுவரை தெரியாது. பிறகு எல்லாக் குறிப்புகளும் ஒரே ஆவணத்தில் திறக்கும். எந்தப் பாடம் சரி, ஏன் என்று எல்லாரும் ஒப்பும் ஒரே பத்தி எழுத வேண்டும். இரண்டு சொல்லுக்காக நாற்பது குறிப்பு வரை சண்டை நீண்டது. பஸ்ஸில் போய்க்கொண்டே ஒரு பெண் எழுதிய எதிர்வாதத்தில் எழுத்துப்பிழை ஏழு, கருத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

மதிப்பெண்ணை என்ன செய்வது என்பதுதான் எப்போதும் கேட்கப்படும் கேள்வி. நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். உள்மதிப்பீட்டில் பாதி, குழு எழுதியதற்கு. மறுபாதிக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவேன். யார் பெயர் வருகிறதோ அவர் எழுந்து, குழு எழுதியதை மற்ற வகுப்புக்கு விளக்கிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் வாங்குவது குழு முழுமைக்கும். இதில் நியாயம் இல்லை என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் மாதம், குழுவிலேயே பின்தங்கியவரைப் பிடித்து உட்கார வைத்துப் பாடம் சொல்லத் தொடங்குவார்கள். எடுத்துரைக்கும் அரைப் பங்கு அவர்களுக்குக் கிடைக்கிறது என்று நான் சொல்வதில்லை, அது காப்பியைப் போல உள்ளேயிருந்து வரட்டும்.

ஆவண வரலாறு என்ற அந்த வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைக் காவல்துறைக் கண்ணோடு பார்க்கும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. ஒருமுறை ஒரு மாணவியின் பங்கு முழுவதும் ஒரே நிமிடத்தில் வந்து ஒட்டியிருந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று வகுப்பில் வைத்துக் கேட்டுவிட்டேன். மறுநாள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்பது பக்கம், அடித்துத் திருத்தி எழுதியது. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, தம்பியுடையது. இரவு அவன் தூங்கிய பின் கிடைத்த அரைமணி நேரத்தில் தட்டி முடித்து ஒட்டியிருக்கிறார். நான் வகுப்பில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். இன்று செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுப்பதும் அதே மாதிரி ஒரே நிமிடத்தில்தான் வந்து ஒட்டுகிறது. வரலாற்றுப் பக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசத்தை அறிய அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டாலே போதும். நான் அதைச் செய்யவில்லை.

எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை. ஒருங்குறி வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தட்டச்சு மையங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு வரும் கட்டுரைகள் உண்டு. பொது ஆவணத்தில் ஒட்டியதும் அது வேற்றுக்கிரக மொழியாக மாறும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. கூடி எழுதுவது பற்றிப் பேசும் தமிழ்த்துறைகள் முதல் வகுப்பில் செய்ய வேண்டியது, எல்லார் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறதா என்று பார்ப்பது. பேச்சுக்கு அழகில்லாத விஷயம். ஆனால் எங்கள் வகுப்பில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருந்தது.

இனி அந்த அரைப் பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பது என்றால் யாருக்கு? மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் உலகில் ஒரே ஒரு ஆள் படிக்கிறார், அவருக்கும் விடை முன்பே தெரியும். தெரிந்தவருக்கே தெரிந்ததைச் சொல்லும் இந்த விசித்திரமான பேச்சுக்குத்தான் அசைன்மென்ட் என்று பெயர்.

2008-இல் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஜான் பீஸ்லி-மரே என்ற ஆசிரியர் இதை உடைத்துப் பார்த்தார். லத்தீன் அமெரிக்க இலக்கியப் பாடம். மாணவர்கள் பருவக் கட்டுரை எழுத வேண்டாம், ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த நாவல்களையும் நாவலாசிரியர்களையும் பற்றிய கட்டுரைகளைக் குழுவாக எழுதி வளர்க்க வேண்டும். மதிப்பெண் விதி துணிச்சலானது. விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் ஒரு கட்டுரையைச் சிறப்புக் கட்டுரை என்று ஏற்றால் வகுப்பிலும் உச்ச மதிப்பெண், நல்ல கட்டுரை என்று ஏற்றால் அதற்கு அடுத்தது. அதாவது தீர்ப்புச் சொல்வது ஆசிரியர் இல்லை, முகம் தெரியாத வாசகர்கள். பருவம் முடிந்தபோது மூன்று கட்டுரைகள் சிறப்புத் தகுதி பெற்றிருந்தன, எட்டு நல்ல கட்டுரைகள் ஆகியிருந்தன. குவாத்தமாலாவின் அஸ்தூரியாஸ் எழுதிய ‘எல் செஞோர் பிரசிதெந்தே’ நாவலைப் பற்றியது அவற்றில் ஒன்று. ஒரு பருவக் கட்டுரையை மாணவர் எத்தனை தடவை திருத்துவார்? இந்தக் கட்டுரைகளை நூற்றுக்கணக்கான தடவை திருத்தினார்கள். இந்தத் தகவலுக்கு ஆதாரம் எங்கே, இந்த வாக்கியம் புரியவில்லை என்று எங்கோ இருந்த யாரோ ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

இதைக் கேட்டதும் நாமும் செய்யலாமே என்று தோன்றும். செய்தார்கள். 2011-இல் புனேயில் சில கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். பதிப்புரிமை மீறல் என்று அவற்றைத் தேடித் தேடி நீக்குவதிலேயே உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் அலுத்துப்போனார்கள். மாணவர்களை ஏசுவது எளிது. பன்னிரண்டு ஆண்டு பள்ளியிலும் மூன்று ஆண்டு கல்லூரியிலும், புத்தகத்தில் இருப்பதை ஒரு சொல் மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் போட்டவர்கள் நாம்தானே? சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியவனுக்கு அரை மதிப்பெண் குறைத்தவர்களும் நாம்தான். நேற்றுவரை மனப்பாடம் என்று பாராட்டியதை இன்று திருட்டு என்கிறோம். அந்தப் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? இன்னொன்றும் உண்டு. வான்கூவரில் ஒரே வகுப்பு, தானும் உடன் எழுதிய ஆசிரியர். புனேயில் ஆள் அதிகம், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் குறைவு.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்காக அதில் ஒரு கட்டுரைப் போட்டிகூட நடந்தது. நான் எட்டுப் பேரை மட்டும் கூட்டிக்கொண்டு தொடங்கினேன். அவரவர் ஊர் ஏரியைப் பற்றி எழுதுவது என்று பேச்சு. மதகு, கலங்கல், பாசனப் பரப்பு. ஒரு மாணவரின் தாத்தா ஊரில் நீர்கட்டியாக இருந்தவர், எந்த மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்கிற ஆள். பேரன் அவரிடம் உட்கார்ந்து கேட்டு, தண்ணீர் பங்கிடும் முறையை இரண்டு பத்தி எழுதினார். நான் அந்த ஆண்டில் படித்த மிகச் சிறந்த மாணவ உரைநடை அது. மறுநாள் அதன்மேல் ‘சான்று தேவை’ என்று குறி விழுந்திருந்தது. பத்து நாள் கழித்துப் பத்திகளையே காணவில்லை.

பையனுக்கு ஆத்திரம். எனக்கும்தான். அறுபது வருடம் மதகைத் திறந்தவருக்கு மேல் என்ன சான்று? ஆனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதக்கூடிய இடத்தில், அச்சிட்ட ஆதாரம் வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் எங்கே போய் முடியும் என்பதும் புரிந்தது. உரையாடல் பக்கத்தில் நான்கு நாள் வாதம் நடந்தது. மறுபுறம் இருந்தவர் பொறுமைசாலி. இறுதியில் மாணவர்கள் நூலகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளையும் நீர்ப்பாசனம் பற்றிய ஆய்வுநூல்களையும் துருவி, பாதியை மீட்டார்கள். மறுபாதிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அது இன்னும் தாத்தாவிடம்தான் இருக்கிறது. அதைப் பதிவு செய்து முறையாக ஒரு இதழில் கட்டுரையாக வெளியிட வேண்டும், அப்புறம் அதுவே சான்றாகும் என்று அந்த மாணவரிடம் சொன்னேன். ஆய்வு என்றால் என்ன என்பதை ஆராய்ச்சி நெறிமுறைகள் என்ற தாளில் நான்கு மாதம் நடத்தியும் புரியவைக்க முடியாத எனக்கு, முகம் தெரியாத அந்தத் திருத்துநர் மூன்று சொல்லில்கூட இல்லை, இரண்டு சொல்லில் உதவி செய்தார்.

கூடி வேலை செய்வதில் இணையத் தமிழுக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஒருவரையொருவர் நேரில் பாராத ஆட்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்தது. அவர்களில் பலர் தமிழ்த்துறையினர் அல்லர். நம் துறைகள் அதன் பயனை நிறைய எடுத்துக்கொண்டன, கை கொடுத்தது குறைவு. இது என் மனக்குறை, பதிவாகட்டும்.

எங்கள் வகுப்பு இப்போது, விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமாக நூல்களை எழுத்தாக்கும் விக்கிமூலத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவற்றின் மின்படங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்க, அவை அங்கே ஏறியிருக்கின்றன. படத்திலிருந்து எழுத்தைக் கணினியே படித்துக் கொடுக்கும். கொடுப்பதில் பிழை இருக்கும். துணைக்காலையும் ‘ர’வையும் அது குழப்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, லை போன்ற வடிவங்களைக் கண்டால் திணறும். என் மாணவர்களும் முதலில் திணறினார்கள். யானைத் தும்பிக்கை போட்ட ‘லை’யை அவர்கள் தாத்தா வீட்டுப் புத்தகத்தில்கூடக் கவனித்ததில்லை. இரண்டு பக்கம் திருத்திய பிறகு கண் பழகிவிட்டது. எழுத்து வரலாற்றை நான் தனியே நடத்த வேண்டியிருக்கவில்லை.

அங்கே ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும், பேராசிரியராக இருந்தாலும், அவர் கணக்கில் அந்தப் பொத்தானே தெரியாது. கூட்டு என்பதை அறிவுரையாக வைக்காமல் இயந்திரத்தின் அமைப்பிலேயே வைத்துவிட்டார்கள். நான் மஞ்சளாக்கிய ஒரு பக்கத்தில் இரண்டாமாண்டு இளங்கலை மாணவி ஒருவர் மூன்று பிழை கண்டுபிடித்தார். மூன்றும் ஒற்றுப்பிழை. சொல்லிக் காட்டவில்லை, திருத்திவிட்டுச் சுருக்கக் குறிப்பில் ‘சந்தி’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

நாங்கள் எடுத்துக்கொண்ட நூல் 212 பக்கம். நேற்று இரவு பார்த்தேன். 140 பச்சை, 55 மஞ்சள், 17 சிவப்பு. மஞ்சளில் பெரும்பகுதி அந்தப் பெண் ஒருவரே பார்த்தவை. அவரால் அவற்றை முடிக்க முடியாது. வகுப்பில் மற்றவர்களுக்கு அடுத்த வாரம் பருவத்தேர்வு. ஐந்து நிமிடத்தில் தேநீர் என்று அவைத் தலைவர் சைகை காட்டுகிறார். கைப்பேசியும் அரைமணி நேரமும் இருப்பவர்கள் அங்கே என்னிடம் வாருங்கள், எந்தப் பக்கம் என்று காட்டுகிறேன்.